பிளாக் மெட்டலில் ஓடினைத் தேடுகிறவர்களுக்கு

ஹெவி மெட்டலின் கரடுமுரடான கிளையான பிளாக் மெட்டலில் பேர்போன நார்வேக் குழு டார்க்த்ரோன். நண்பன் ஒருவன் பென் டிரைவில் கொடுத்த அவர்களின் ஆல்பத்தை முதன்முதலாக ஓடவிட்டபோது, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து அம்மா, "இந்நேரத்துக்கு மிக்ஸியை யாருடா போட்டது?" என்று குரல் கொடுத்தார். அந்த இரைச்சலுக்குள் ஒரு மெட்டு ஓடுகிறது என்று பிடிபட எனக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று. வழி சொல்ல யாராவது இருந்திருந்தால் ஏழெட்டு நாளில் முடிந்திருக்கும் வேலை.

வைக்கிங் தொடர்கள் பார்த்துவிட்டோ, தோர் வரும் விளையாட்டுகளில் மூழ்கிவிட்டோ, "நார்வே பிளாக் மெட்டல்ல இதெல்லாம் வருமாமே" என்று ஆசையோடு வந்து, ஐந்தே நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கித்தார் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டாம், நார்வேஜிய மொழியும் வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த இசையில் புராணம் கதையாக வருவதைவிட வானிலையாக வருவதே அதிகம். முதலில் நிலமும் பொழுதும், தெய்வமெல்லாம் அதற்கப்புறம். கதையைத் தேடி வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

முதல் படி: எது நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவியா), எது இல்லை என்று பிரியுங்கள்

பிளாக் மெட்டல் என்ற பெயரே இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த வெனம் குழு 1982இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பிலிருந்து வந்தது. அதில் நார்ஸ் தெய்வங்களான ஓடினும் இல்லை, தோரும் இல்லை. சாத்தான்தான், அதுவும் பாதி நாடகத்தனமாக. பத்தாண்டு கழித்து நார்வேயில் இது தனி இயக்கமாக எழுந்தபோதும் பெரும்பாலான குழுக்கள் சாத்தான், சாவு, இரவு என்றே பாடின. மேஹெம் குழுவின் 1994 ஆல்பமான 'தே மிஸ்தேரிஸ் தோம் சாத்தானாஸ்' நார்வே பிளாக் மெட்டலின் தலைமைப் படைப்பாகப் பலர் சொல்வது. அதில் ஓடினைத் தேடினால் கிடைக்கமாட்டார். எம்பரர் குழுவின் முதல் ஆல்பம் சாத்தானைப் போற்றும் பாட்டோடு முடிகிறது.

ஆகவே கையில் எடுக்கும் ஆல்பத்தை இந்தக் குவியல்களில் ஒன்றில் போடப் பழகுங்கள். நேரடியாக நார்ஸ் தொன்மத்தைப் பாடுபவை ஒரு குவியல்: 1988க்குப் பிந்திய பாத்தரி, தொடக்கம் முதலே என்ஸ்லேவ்ட், பிறகு ஹெல்ஹெய்ம், ஐன்ஹெர்யர். நாட்டார் கதைகளையும் காட்டையும் பாடுபவை இன்னொன்று; உல்வர் இதில் சேரும். மூன்றாவது, கற்பனை உலகம். இம்மார்ட்டல் குழு பாடும் பனி ராஜ்யம் 'பிளாஷிர்க்' எந்தப் பழைய ஏட்டிலும் கிடையாது, அவர்களே கட்டியது. புர்சும், கோர்கோரோத் ஆகிய பெயர்கள் டோல்கீனின் மோதிரக் கதையிலிருந்து எடுத்தவை. டோல்கீன் பழைய நார்ஸ் மொழியைக் கரைத்துக் குடித்த பேராசிரியர், தன் குள்ளர்களுக்குப் பழைய நார்ஸ் கவிதையிலிருந்தே பெயர் எடுத்தவர். எனவே இதுவும் சுற்றி வளைத்து வரும் சொந்தம்தான், ஆனால் பங்காளி இல்லை.

இந்தப் பிரிப்பு தெரியாமல் இணைய விவாதத்தில் பிளாஷிர்க்கை ஓடினின் மாளிகையான வால்ஹாலாவின் கிளை என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பெயர் வேண்டாம். நான்தான்.

இரண்டாம் படி: ஒரு மணி நேரம் புராணத்துக்கு ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்

நார்ஸ் தொன்மம் நமக்குக் கிடைத்தது முக்கியமாக இரண்டு ஐஸ்லாந்து நூல்கள் வழியே. இரண்டுக்கும் எட்டா என்றே பெயர். பெயர்தான் எட்டா, நல்ல ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கைக்கு எட்டும். ஒன்று கவிதைத் தொகுப்பு. அதன் முதன்மையான ஏடு 1270களில் எழுதப்பட்டது. டென்மார்க் அரசரிடம் போய், 1971இல்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. மற்றது ஸ்னோரி ஸ்டூர்லுசன் என்ற ஐஸ்லாந்துக்காரர் 1220 வாக்கில் எழுதிய உரைநடை. முதலில் ஸ்னோரியைப் படியுங்கள். அதிலும் 'கில்ஃபகின்னிங்' என்ற பகுதி போதும்; கேள்வி பதிலாகப் போவதால் சுலபம். இதே தலைப்பில் என்ஸ்லேவ்ட் ஒரு பாட்டே வைத்திருக்கிறது.

ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறியது 1000ஆம் ஆண்டை ஒட்டி. ஸ்னோரி எழுதியது அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அவரும் கிறிஸ்தவர். ஓடினைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கிறிஸ்தவர்களின் கையெழுத்தில்தான் பிழைத்து வந்தது. இதை எட்டாம் படியில் மறுபடி எடுப்பேன்.

இந்த இசைக்குத் தேவையான கதைகள் கொஞ்சம்தான். உலகம் பிறப்பதற்கு முன் இருந்த கின்னுங்ககாப் என்ற வெறும் பிளவு: ஒரு பக்கம் உறைபனி, மறுபக்கம் நெருப்பு, இரண்டும் சந்தித்த இடத்தில் முதல் உயிர். ஒன்பது உலகங்களைத் தாங்கும் இக்ட்ரசில் மரம். அதில் ஓடின் தன்னைத் தானே பலியாக ஒன்பது இரவு தொங்கவிட்டு ரூன் எழுத்துகளின் ரகசியத்தைப் பெறுவது. தந்திரக்காரனான லோகியின் மக்களான ஃபென்ரிர் ஓநாய், உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு, பாதி உடல் கருநீலமான ஹெல். ஃபென்ரிரைக் கட்டிய கயிறு எதனால் ஆனது என்ற பட்டியல் எனக்குப் பிடித்தது: பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில். உலகில் இல்லாதவற்றையெல்லாம் திரித்துச் செய்த கயிறு. டார்க்த்ரோனின் டிரம்மர் ஃபென்ரிஸ் தன் பெயரை இந்த ஓநாயிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

கடைசியாக ரக்னரோக், தெய்வங்களும் உலகமும் அழியும் இறுதிப் போர். அதிலும் அதற்கு முன்னால் வரும் ஃபிம்புல் குளிர்காலம்தான் நமக்கு முக்கியம். நடுவில் கோடையே இல்லாமல் மூன்று குளிர்காலம் தொடர்ந்து வரும், எல்லாத் திசையிலிருந்தும் பனி அடிக்கும், சூரியனால் பயனிருக்காது, அண்ணன் தம்பி ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள். 536இல் எரிமலைச் சாம்பல் வானத்தை மறைத்து வட ஐரோப்பாவில் விளைச்சல் பொய்த்த காலத்தின் நினைவு இது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எப்படியோ, தொடக்க கால நார்ஸ் பிளாக் மெட்டலுக்கு விதை இந்தப் பத்திதான். ரக்னரோக்குக்குப் பிறகு பூமி பச்சையாக மறுபடி கடலிலிருந்து எழும் என்றும் கதை சொல்கிறது. நான் கேட்டவரை இவர்கள் அந்தப் பக்கம் வருவதே அபூர்வம்.

மூன்றாம் படி: காதைப் பழக்குவது

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். சுமாரான ஹெட்போன் போதும். பேஸைக் கூட்டும் அமைப்பு எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள். இந்த இசை மேல் சுருதியில் வாழ்வது, பேஸைக் கூட்டினால் சேறாகும். ஒலியளவைப் பாதிக்குக் கீழே வையுங்கள். பலரும் செய்யும் தவறு, மெட்டல்தானே என்று முழு சத்தத்தில் வைப்பது. மெல்ல வைத்தால்தான் இரைச்சலுக்குப் பின்னால் இருக்கும் மெட்டு முன்னே வரும்.

சாதாரண ஹெவி மெட்டலில் வலக்கையின் ஓரத்தை நரம்பின் மேல் அமுக்கி ஓசையைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். நார்வேக்காரர்கள் அந்தக் கையை எடுத்துவிட்டார்கள். நரம்புகள் முழுக்கத் திறந்து ஒலிக்க, ஒரே சுரத்தை நொடிக்குப் பலமுறை மீட்டிக்கொண்டே போவார்கள். மாண்டலினில் நீண்ட சுரத்தைச் சாகாமல் நிறுத்தி வைக்கச் செய்வது இதையேதான். டிரெமொலோ என்பார்கள். மேஹெமின் கித்தாரிஸ்ட் யூரோனிமஸும், தோர்ன்ஸ் குழுவின் ஸ்னோரே ரூக்கும் இந்தப் பாணியை வடித்தவர்களாகச் சொல்லப்படுகிறார்கள். அதற்கடியில் டிரம்ஸில் காலும் கையும் மாறி மாறி மின்னலாக விழும் பிளாஸ்ட் பீட்.

மின்விசிறியை ஒன்றில் வைத்தால் இறக்கையை எண்ணலாம். ஐந்தில் வைத்தால் அசையாத ஒரு வட்டம் தெரியும். பிளாஸ்ட் பீட் செய்வது அதைத்தான்: வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் இசை நின்றுவிட்டதுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே டிரம் அடியை எண்ணாதீர்கள், பைத்தியம் பிடிக்கும். கித்தார் எப்போது அடுத்த கார்டுக்கு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுக்கு) நகர்கிறது என்று மட்டும் பார்த்து, அந்த இடத்தில் விரலால் தொடையில் ஒரு தட்டு. நான்கைந்து பாட்டில் இது பழகிவிடும். நீங்கள் வேகமானது என்று நினைத்த பாட்டு உண்மையில் மிக மெதுவாக நடந்துகொண்டிருப்பது அப்போது தெரியும். எனக்கு அந்த ஏழெட்டு மாதம் வீணானது இந்த ஒரு விஷயத்தால்தான்.

குரலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முதல் வாரம் அதைக் காற்றின் ஊளை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்? இரவு, விளக்கை அணைத்துவிட்டு. மே மாதத்து மதியத்தில் பனிப்புயலைக் கேட்பது கொஞ்சம் கஷ்டம். மார்கழி விடியற்காலை உத்தமம்.

நான்காம் படி: எந்த வரிசையில் கேட்பது

நேராகக் கடினமான ஆல்பத்துக்குப் போகாதீர்கள். தொடங்க வேண்டிய இடம் நார்வே அல்ல, ஸ்வீடன்.

ஸ்டாக்ஹோமில் 1983இல் குவார்த்தான் என்ற இளைஞர் தொடங்கிய குழு பாத்தரி. முதல் மூன்று ஆல்பங்கள் சாத்தான் வகை. பிறகு அவருக்கு ஒரு யோசனை: சாத்தான் என்பதே கிறிஸ்தவத்தின் சரக்கு, கிறிஸ்தவத்தை எதிர்ப்பவன் அதன் பிசாசை மட்டும் ஏன் கும்பிட வேண்டும்? அதற்கு முந்தைய தன் மண்ணின் காலத்துக்கே போய்விடலாமே. அந்தத் திருப்பம் நடக்கும் ஆல்பம் 1988இல் வந்த 'பிளட் ஃபயர் டெத்'. 1990இல் வந்த 'ஹேமர்ஹார்ட்' முழுக்க வைக்கிங் காலம்.

முதலில் ஹேமர்ஹார்ட்டைக் கேளுங்கள். கண்டிப்பாகச் சொன்னால் இது பிளாக் மெட்டலே இல்லை, வைக்கிங் மெட்டல் என்று பின்னால் பெயர் பெற்றது. பரவாயில்லை. வேகம் கிடையாது, குரல் கத்தாது, பாடும். முதல் பாட்டு கடலலை ஓசையில் தொடங்கி, படகுகள் கிளம்பி, தூரக் கரைகளை எரிக்கப் போகிறது. பின்னணியில் பல அடுக்காக ஆண்குரல் கோரஸ். குவார்த்தான் நல்ல பாடகர் இல்லை, சுருதி அங்கங்கே விலகும். அந்த விலகலே எனக்கு இந்த ஆல்பத்தை நெருக்கமாக்குகிறது. தேர்ந்த பாடகர் பாடியிருந்தால் ஓபராவாகிப் போயிருக்கும். 'ஒன் ரோட் டு ஆசா பே' என்ற பத்து நிமிடப் பாட்டைத் தவறவிடாதீர்கள். ஒரு வைக்கிங் கிராமத்துக்குப் புதிய மதம் வந்து சேர்வதையும், ஊரார் கையாலேயே தேவாலயம் எழுவதையும் சொல்கிறது. கூச்சல் இல்லை. தோற்ற பக்கத்தில் நின்று பார்க்கும் துக்கம் மட்டும்.

அதைப் பழகிய பிறகு பிளட் ஃபயர் டெத்துக்குப் பின்னோக்கிப் போங்கள். தொடக்கத்தில் மூன்று நிமிடம் பாட்டே கிடையாது: மூடுபனி போன்ற கோரஸ், குதிரைகளின் கனைப்பு, குளம்படி. ஏதோ திரைப்பட இசை என்று தாண்டிவிடாதீர்கள். நார்வே, ஸ்வீடன் கிராமங்களில் நடுக்குளிர்கால யூல் நாட்களில் இறந்தவர்களின் படை ஒன்று வானத்தில் குதிரையேறிப் போகும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ஓடினின் வேட்டை. அகப்பட்டவரை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். அந்தக் குதிரைகள்தான் இவை. பிற்காலத்தில் எத்தனையோ பிளாக் மெட்டல் ஆல்பங்கள் காற்றோசை, காகக் கரைச்சல் என்று தொடங்குவதற்கு இந்த மூன்று நிமிடமே முன்னோடி என்பது என் கணிப்பு. ஆல்பத்தின் நடுப்பகுதி பழைய பாத்தரிதான். முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் திரும்பத் திரும்பக் கேட்டால் போதும்.

இரண்டு வாரம் கழித்து நார்வே. மேற்குக் கடற்கரை ஹாகெசுன்ட் பக்கத்தில் 1991இல் உருவான என்ஸ்லேவ்ட். அப்போது கித்தாரிஸ்ட் ஐவர் பியோர்ன்சனுக்கு 13 வயது. பக்கத்தில் எல்லாரும் சாத்தான் என்று கத்திக்கொண்டிருந்தபோது இந்தப் பையன்கள் தொடக்கத்திலேயே எட்டாவைக் கையில் எடுத்தார்கள். 1994இல் இரண்டு ஆல்பம். முதலாவதான 'விகிங்லிகர் வெல்டி' நீளம்: ஒன்றைத் தவிர எல்லாம் பத்து நிமிடத்தைத் தாண்டும் பாட்டுகள், பெரும்பகுதி ஐஸ்லாந்து மொழியில். இதைப் பிறகு கேட்கலாம். இரண்டாவதான 'ஃப்ராஸ்ட்' உங்களுக்கான வாசல். சின்தசைசரில் உறைந்த ஏரி போன்ற ஒரு முன்னிசை. அது முடிந்ததும் கதவை உடைத்துக்கொண்டு 'லோகே', பிறகு 'ஃபென்ரிஸ்'. கயிற்றின் கதை தெரிந்தவருக்கு இந்த இரண்டாவது பாட்டு வேறு மாதிரி கேட்கும். நடுவில் 'இக்ட்ரசில்' வந்து எல்லாவற்றையும் மெதுவாக்கும். புராணமும் வானிலையும் சரிபாதியாகக் கலந்த ஆல்பம் ஒன்றைச் சொல் என்றால் ஃப்ராஸ்ட் என்றே சொல்வேன்.

அடுத்து உல்வரின் 'பெர்க்டாட்', 1995. சுமார் 35 நிமிடம், ஐந்து அத்தியாயம். காட்டு வழியில் போகும் ஒரு பெண்ணை மலைக்குள் வாழும் கூட்டம் மயக்கி இழுத்துக்கொள்ளும் நாட்டார் கதை. தேவர்கள் யாரும் வருவதில்லை. மென்மையான பாட்டும் பிளாஸ்ட் பீட்டும் மாறி மாறி வரும். நடுவில் பனியில் யாரோ மூச்சிரைக்க ஓடும் காலடி ஓசை ஒன்று வரும், நள்ளிரவில் கேட்டால் முதுகு சில்லிடும். மெட்டலே பிடிக்காத என் தங்கைக்குப் பிடித்த ஒரே பிளாக் மெட்டல் ஆல்பம் இதுதான். சாட்டிரிகானின் 'டார்க் மெடீவல் டைம்ஸ்' இதே பக்கம் உள்ளது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு எம்பரரின் 'இன் த நைட்சைட் எக்லிப்ஸ்'. பாடல் வரியில் நார்ஸ் இல்லை, ஆனால் சூழல் என்பதற்கு இலக்கணம். கீபோர்டு மலைத்தொடர்போல் பின்னால் நிற்கும். இதை ஒலிப்பதிவு செய்தபோது பாடகர் இசாஹனுக்கு 17 வயது. இம்மார்ட்டலின் 'பியூர் ஹோலோகாஸ்ட்', 'பேட்டில்ஸ் இன் த நார்த்' இரண்டும் நேரான பனிப்புயல். இரண்டாவது, அட்டை முதல் கடைசிப் பாட்டு வரை வெள்ளை. கடைசியாக டார்க்த்ரோனின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்'. என் ஸ்பீக்கரைக் கழற்ற வைத்த ஆல்பம். இதை ஆறாவது வாரத்துக்கு முன் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஒலி ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள்

காசில்லாததால் மோசமாகப் பதிவு செய்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. டார்க்த்ரோனின் 1991 முதல் ஆல்பம் ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில், அன்றைய டெத் மெட்டலின் பேர்போன இடத்தில், சுத்தமாகப் பதிவானது. அதைச் செய்து முடித்தவர்கள்தான் அடுத்த சில ஆண்டுகளில் நான்கு டிராக் மட்டுமே கொண்ட வீட்டுக் கருவிக்கு இறங்கினார்கள். டிரான்சில்வேனியன் ஹங்கரில் கருவிகள் அத்தனையும் ஃபென்ரிஸ் ஒருவரே வாசித்தது. புர்சுமின் 'ஃபிலோசோஃபெம்' ஆல்பத்தில் கித்தார் போனது வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்குள். குரல் பதிவானது ஹெட்செட் மைக்கில், இருப்பதிலேயே மட்டமானது எது என்று கேட்டு வாங்கி. தெரிந்தே செய்த வேலை. தெளிவான ஒலியில் எல்லாம் பக்கத்தில் நிற்கும். மங்கலான ஒலியில் தூரம் பிறக்கும். பனிமூட்டத்தில் மரம் தெரிவதுபோல்.

இதற்கு நேரெதிர் பெர்கன் நகரத்தின் கிரீக்ஹாலன். இசையமைப்பாளர் கிரீகின் பெயரில் 1978இல் திறந்த, சிம்பொனி வாசிக்கும் அரங்கம். அதற்குள் இருந்த ஸ்டுடியோவில் பிட்டன் என்று எல்லாரும் அழைக்கும் ஐரிக் ஹுன்ட்வின் ஒலிப்பதிவாளர். மேஹெம், எம்பரர், இம்மார்ட்டல், புர்சும், என்ஸ்லேவ்ட் என்று வரிசையாக அவர் கைக்கு வந்தார்கள். அவர்களைவிட வயதில் பெரியவர், முகத்தில் சாயம் பூசிய பையன்களைப் பார்த்துச் சிரிக்காமல் வேலை பார்த்தார். கிரீக்ஹாலன் ஆல்பங்களில் கேட்கும் பெரிய வெளி, குகை போன்ற டிரம் ஒலி, பெரும்பாலும் இவர் புண்ணியம். ஃப்ராஸ்ட்டையும் டிரான்சில்வேனியன் ஹங்கரையும் அடுத்தடுத்துப் பத்து நிமிடம் கேட்டால் இந்த இரண்டு வகைக் குளிரும் பிடிபடும்.

ஆறாம் படி: அட்டையைப் பாருங்கள்

இந்த இசையில் அட்டை பாதி வேலை செய்கிறது. பிளட் ஃபயர் டெத்தின் அட்டை, பீட்டர் நிக்கோலாய் ஆர்போ 1872இல் வரைந்த ஓடின் வேட்டை ஓவியம். மூலம் ஆஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பெரிதாகத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு அந்த முதல் மூன்று நிமிடத்தைக் கேளுங்கள். ஹேமர்ஹார்ட்டுக்கு ஃப்ராங்க் டிக்சி என்ற ஆங்கிலேயர் 1893இல் தீட்டிய வைக்கிங் ஈமச்சடங்கு, எரியும் படகு. இவை 19ஆம் நூற்றாண்டுக் கற்பனைகள் என்பதையும் கவனியுங்கள். இந்த இசை காட்டும் வைக்கிங் காலம் நேரே அந்தக் காலத்திலிருந்து வந்ததல்ல. தேசிய உணர்வு பொங்கிய ஒரு நூற்றாண்டின் ஓவியர்கள் வழியாக வடிகட்டி வந்தது.

தியோடோர் கிட்டல்சன் தனி ரகம். நார்வே நாட்டார் கதைகளுக்கு டிரோல் பூதங்களை வரைந்தவர், 1914இல் இறந்தார். அவருடைய ஓவியங்கள் புர்சும் ஆல்பங்களின் அட்டையாயின. ஆல்பத்தை விடுங்கள், கிட்டல்சனை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். காடு ஏன் இந்த இசையில் அப்படி ஒலிக்கிறது என்று சொல்லாமலே விளங்கும்.

ஏழாம் படி: பாடல் வரி

மெட்டல் ஆர்கைவ்ஸ் தளத்தில் பெரும்பாலான வரிகள் கிடைக்கும். மூன்று தடவையாவது கேட்ட பிறகே படியுங்கள். எழுத்துகள் மிரட்டினால் இவ்வளவு போதும்: ஆங்கில 'பி'யின் (P) வயிறு கீழே சரிந்தாற்போல் இருப்பது 'த்', 'ஏ' தலையில் குட்டி வட்டம் இருந்தால் 'ஓ', நார்வேஜிய மொழியில் 'எச்'சும் 'வி'யும் சேர்ந்து வந்தால் 'எச்' ஊமை. கூகுள் மொழிபெயர்ப்பைப் பழைய நார்ஸுக்கு நம்ப வேண்டாம்.

எட்டாம் படி: ரத்தமும் சாம்பலும்

இதைத் தாண்டிப் போக முடியாது. 1992 ஜூன் 6 அன்று பெர்கனுக்கு அருகே ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயம் தீ வைக்கப்பட்டு எரிந்தது. தொடர்ந்து இன்னும் பல. 1993 ஆகஸ்ட் 10 அன்று மேஹெமின் யூரோனிமஸை புர்சுமின் வர்க் விகெர்னெஸ் குத்திக் கொன்றார். கொலைக்கும் தேவாலய எரிப்புகளுக்குமாக அவருக்கு 21 ஆண்டு தண்டனை. அந்த மேஹெம் ஆல்பத்தில் கித்தார் வாசிப்பது கொல்லப்பட்டவர், பேஸ் வாசிப்பது கொன்றவர். எம்பரரின் அன்றைய டிரம்மரும் ஒரு கொலைக்காகச் சிறை போனார்.

அந்த மரத் தேவாலயங்கள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். ஃபான்டோஃப்ட் 1150 வாக்கில் சோங்ன் பகுதியில் கட்டி, 1883இல் பெயர்த்து வந்து நிறுவியது. அந்த வகைக் கட்டடங்களின் கூரை முனையில் வைக்கிங் கப்பல்களில் இருப்பது போன்ற டிராகன் தலைகள் நிற்கும். ஹீலெஸ்டாட் என்ற ஊர்த் தேவாலயத்தின் கதவுச் சட்டத்தில் டிராகனைக் கொன்ற சிகுர்டின் கதையே செதுக்கியிருந்தது. அந்தக் கதவு இப்போது ஆஸ்லோ அருங்காட்சியகத்தில். ஓடினின் பெயரால் பழிவாங்குகிறோம் என்று கிளம்பியவர்கள் கொளுத்தியது, பழைய நார்ஸ் மரச்சிற்பக் கலை பிழைத்திருந்த சில இடங்களில் ஒன்றை. ஸ்னோரியின் ஏட்டைக் கிறிஸ்தவன் எழுதியது என்று எரிப்பதற்குச் சமம். இருபது வயதுக்காரர்களின் முட்டாள்தனம் என்று சிலர் சிரித்துக் கடக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

விகெர்னெஸ் இனவெறுப்பைத் தூண்டியதற்காக 2014இல் பிரான்ஸ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். அவர் இசையைக் கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நான் காசு கொடுத்து வாங்குவதில்லை.

நடைமுறை எச்சரிக்கை ஒன்று: டி-ஷர்ட், பேட்ச், பச்சை குத்தல் எதற்கும் முன் சின்னத்தை விசாரியுங்கள். சில ரூன் எழுத்துகளை நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். பன்னிரு கதிர் கருஞ்சூரியன் நாஜிகளே உருவாக்கிய வடிவம். அதேபோல் வைக்கிங் திசைகாட்டி என்று விற்கும் வெக்விசிர் வைக்கிங் காலத்தது இல்லை, 1860இல் தொகுத்த ஐஸ்லாந்து ஏட்டில் இருப்பது. தீங்கில்லாததுதான், ஆனால் முதுகு முழுக்கக் குத்திக்கொண்ட பிறகு தெரிந்தால் வருத்தமாக இருக்கும்.

ஒன்பதாம் படி: அங்கிருந்து எங்கே

இரண்டு பாதை. புராணம்தான் பிடித்தது, இரைச்சல் வேண்டாம் என்றால் வார்ட்ரூனா. கோர்கோரோத்தில் டிரம்ஸ் வாசித்த ஐனார் செல்விக் 2003இல் தொடங்கியது. மின்கித்தாரே இல்லை, பழைய வாத்தியங்களும் குரலும் மட்டும். வைக்கிங்ஸ் தொடரில் நீங்கள் கேட்ட சில இசைத் துண்டுகள் அவருடையவை.

இரைச்சலோடுதான் வேண்டும் என்றால் விண்டிர். சோங்ன்டால் என்ற சிற்றூரில் வால்ஃபார் என்ற பெயரில் ஒருவர் தனியாகத் தொடங்கியது. தேவர்களை விட்டுவிட்டுத் தன் பள்ளத்தாக்கின் பழங்கதையை, தன் வட்டாரத்துப் பேச்சு மொழியில் பாடினார். '1184' என்ற 2001 ஆல்பத்தின் தலைப்பு, அந்த ஆண்டு சோங்ன் கடற்கழியில் நடந்த ஃபிம்ரைட்டே போரைக் குறிப்பது. கித்தார் மெட்டுகள் நாட்டார் நடனப் பாட்டுபோல் துள்ளும், அழுகையும் கலந்திருக்கும். 2004 ஜனவரியில் வால்ஃபார் மலை மேலிருந்த குடும்பக் குடிலுக்கு நடந்து போனார். வழியில் பனிப்புயல். மூன்று நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. அவருக்கு 25 வயது.

விண்டிரில் முதலில் 'ஆர்ன்டோர்' ஆல்பம், பிறகு '1184'.